கஷ்டம் ஆளை உருவாக்குமா? தொடர் தோல்வியில் உறுதி எப்போது வரும், எப்போது வராது

கேள்வி: மூன்று முறை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதிவிட்டேன், மூன்றிலும் கிடைக்கவில்லை. வீட்டில் "கஷ்டப்பட்டால்தான் மனுஷன் உருப்படுவான்" என்கிறார்கள். எனக்கு உறுதி கூடியதாகத் தெரியவில்லை, பயம்தான் கூடியிருக்கிறது. கஷ்டம் உண்மையிலேயே ஆளைப் பலப்படுத்துமா?

பதில்:

உங்கள் வீட்டார் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால், "எல்லாரையும் உருவாக்குகிற கஷ்டம் என்னை மட்டும் ஏன் உருக்குலைக்கிறது" என்று பலர் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். அடிபட்டுத் தேறியவர்களும் உண்டு, ஒடிந்துபோனவர்களும் உண்டு. பிறவிக் குணம் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. அடி எவ்வளவு பெரியது, அடுத்த அடிக்கு முன் மூச்சு விட இடம் கிடைத்ததா, அந்த நேரத்தில் நாம் செய்தது ஏதாவது பலித்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற நாலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இதில் மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் 1967-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம். நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்களுக்கு, தலையால் பக்கத்துப் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழுவுக்கு அதிர்ச்சி நீடித்த நேரம்தான் இதற்கும். மூன்றாவது குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. 24 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் போதும், தப்பித்துவிடலாம். முதல் குழுவும் மூன்றாவது குழுவும் சீக்கிரமே குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை குதிக்க முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன.

முதல் இரண்டு குழுக்களும் பட்ட வலி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். "பட்டால் புத்தி வரும்" என்பது அப்படியே உண்மையானால் இரண்டும் ஒரே மாதிரி தேறியிருக்க வேண்டும். ஒன்று தேறியது, மற்றது முடங்கியது. நடுவில் இருந்த ஒரே வித்தியாசம் அந்தப் பலகை.

அதே ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு, ஆனால் அதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. முதலில் தப்பிக்கக்கூடிய அதிர்ச்சியைச் சந்தித்துத் தப்பிக்கப் பழகிய நாய்களுக்கு, பிறகு தப்பிக்கவே முடியாத அதிர்ச்சியைக் கொடுத்தபோதும் அவை முடங்கவில்லை. முன்பு ஒரு தடவை தன் முயற்சி பலித்த அனுபவம், பின்னால் வந்த பலிக்காத காலத்தையும் தாங்க வைத்தது. முடங்கிப்போன நாய்களை மீட்க, பின்னர் நடந்த ஓர் ஆய்வில் ஒரு வழிதான் உதவியது. கழுத்தில் கயிறு கட்டித் தடுப்பின் மேலே திரும்பத் திரும்ப இழுத்துக் கடக்க வைத்தார்கள். உடம்பு அதைச் செய்து பார்த்துப் பலன் கண்ட பிறகே தானாகக் குதித்தன.

இருவரும் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் கழித்து, 2016-இல், தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். உயிர்கள் செயலற்றுப்போகக் "கற்றுக்கொள்கின்றன" என்று முதலில் எழுதியிருந்தார்கள். நீண்ட அடிக்குச் செயலற்றுப்போவதுதான் உடம்பின் இயல்பான எதிர்வினை, "இது என் கையில் இருக்கிறது" என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பிறகு மாற்றிச் சொன்னார்கள். ஆகவே மூன்று தோல்விக்குப் பிறகு பயம் கூடியது உங்கள் குறையல்ல. ஏன் தோற்றோம் என்று தெரியாமலே மூன்று தடவை தோற்றிருந்தால், நீங்கள் இருந்தது இரண்டாவது குழுவில். இனி செய்ய வேண்டியது அந்தப் பலகை எங்கே என்று தேடுவது.

அளவு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் அணில் குரங்குக் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2004-இல் வெளியானது. வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் மட்டும் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். மொத்தம் 10 வாரம். பிரித்தபோது குட்டிகள் நன்றாகவே கலங்கின. ஆனால் பிற்பாடு புது இடத்தில் விட்டபோது, பிரிக்கப்படாத குட்டிகளைவிட இவை குறைவாகப் பயந்தன, அதிகம் சுற்றிப் பார்த்தன, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் குறைவாக இருந்தது. இங்கே உழைத்தது ஒரு மணி நேரக் கலக்கம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வந்த ஆறு நாள் அமைதியும்தான் என்று நினைக்கிறேன். பளு தூக்குகிறவனின் தசை ஓய்வில் வளர்கிற மாதிரி. மனிதர்களிலும் கிட்டத்தட்ட இதே வடிவம் தெரிகிறது: 2010-இல் மார்க் சீரியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 2,398 பேரிடம் வாழ்நாள் துன்பங்களைக் கணக்கெடுத்தார்கள். ஏராளமாகப் பட்டவர்களைவிட மட்டுமல்ல, எதுவுமே படாதவர்களைவிடவும் ஓரளவு பட்டவர்களின் மனநலம் மேலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிப்பதல்ல. இதை வைத்துக்கொண்டு யாரும் பிள்ளைகளுக்குச் "சரியான அளவு" கஷ்டம் அளந்து ஊற்றக் கிளம்ப வேண்டாம். மறுபக்கம், சிறுவயதில் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி போன்ற கொடுமைகளில் நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட பிற்காலத்தில் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்ததை 1998-இல் வெளியான சான் டியேகோ ஆய்வு காட்டியது. "கஷ்டம் நல்லது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பலகையே இல்லாத இடத்தில் ஒருவர் என்ன செய்ய முடியும்? ராபன் தீவுச் சிறையில் மண்டேலா இருந்த 18 ஆண்டுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் பயனுண்டு. 1964-இல் ஆயுள் தண்டனை. அறை சுமார் 2.4 மீட்டருக்கு 2.1 மீட்டர். தொடக்கத்தில் 6 மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு பார்வையாளர். சுண்ணாம்புக் குவாரியில் வேலை. அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கெடுத்தது. 1968-இல் தாய் இறந்தார், 1969-இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். இரண்டு இறுதிச் சடங்குக்கும் விடவில்லை. எப்போது வெளியே வருவோம் என்பது அவர் கையில் இல்லை. தன் கையில் இருந்தவற்றை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். வாரத்தில் நாலு நாள் காலையில் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் 45 நிமிடம் வரை ஓட்டம், 100 தண்டால், 200 வயிற்றுப் பயிற்சி. காவலர்களின் மொழியான ஆஃப்ரிகான்ஸைப் படித்தார். அஞ்சல் வழியில் சட்டம் படித்தார். முற்றத்தின் ஓரத்தில் அனுமதி கேட்டு வாங்கிக் காய்கறித் தோட்டம் போட்டார். கறுப்பினக் கைதிகளுக்கு மட்டும் அரைக்கால் சட்டை என்ற விதியை எதிர்த்துப் புகார் செய்தார். விதி மாற ஆண்டுகள் பிடித்தன, ஆனால் மாறியது. இவற்றில் ஒன்றுகூடத் தண்டனையைக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றும் "நான் செய்தேன், நடந்தது" என்ற கணக்கில் ஒரு வரவு. குவாரியில் கைதிகள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே தனி ஆள் இல்லை.

இனி உங்கள் குரூப் 4.

காலியிடம் எத்தனை, கட்-ஆஃப் எவ்வளவு, முடிவு எப்போது வரும் என்பவை உங்கள் கையில் இல்லை. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிவிட்டு, அவற்றைப் பற்றிய பேச்சு ஓடும் டெலிகிராம் குழுக்களை மியூட் செய்யுங்கள். மறுபக்கத்தில் உங்கள் கையில் உள்ளது வர வேண்டும். "நன்றாகப் படிக்க வேண்டும்" என்று எழுதினால் அது பலகை ஆகாது. செய்தோமா இல்லையா என்று அன்றிரவே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் வேலை, கடைசியாக எழுதிய தேர்வைப் பிரித்துப் பார்ப்பது. முடிவு வந்த சூட்டோடு செய்யாதீர்கள்; ஒரு பத்து நாள் தூக்கம், சாப்பாடு, வெளியே நடை என்று போகட்டும். பிறகு வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்தில் ஒரு காரணத்தைக் குறியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தேன் ஆனால் மறந்துவிட்டது, இரண்டில் ஒன்று என்று வந்து தவறானதை எடுத்தேன், தெரிந்தும் கேள்வியைத் தப்பாக வாசித்தேன், நேரம் இல்லாமல் அடித்துவிட்டேன். 200 கேள்வித் தாளுக்கு இது ஒரு நாள் வேலை. பலர் இதைச் செய்வதே இல்லை, ஏனென்றால் அந்தத் தாளைத் திரும்பப் பார்ப்பதே வலிக்கிறது. உடனே புது மெட்டீரியல் வாங்கி முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். அதனால்தான் நாலாவது தோல்வியும் முதல் தோல்வி மாதிரியே இருக்கிறது.

எண்ணிக்கை வந்ததும் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். முதல் காரணம் அதிகமானால் பாடத்திட்டத்தில் ஓட்டை. இரண்டாவது அதிகமானால் படிப்பு போதும், திருப்புதல் போதவில்லை. வாசித்ததையே திரும்ப வாசிக்காமல், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். நாலாவதும் ஐந்தாவதும் அதிகமானால் அது பாட அறிவுப் பிரச்சினையே அல்ல, பதற்றமும் நேரமும். 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 நொடி. தமிழ்ப் பகுதியின் 100 கேள்வியை 40 நிமிடத்தில் முடிக்கிறவருக்குக் கணக்குக்கு இடம் கிடைக்கும். அங்கே 70 நிமிடம் போய்விட்டால் திறனறிவின் 25 கேள்வியில் கை நடுங்கத்தான் செய்யும். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்ற நினைப்பிலேயே சிலர் அங்கே தேவைக்கு மேல் தங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது பயம். மனதில் அழுத்தத்துக்குத் தடுப்பூசி போடுவது போன்ற ஒரு பயிற்சியை உளவியலாளர் டொனால்டு மைக்கன்பாம் வகுத்தார். என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது, சமாளிக்கும் திறனைப் பழகுவது, பிறகு சிறிதிலிருந்து பெரிதாக உண்மைச் சூழலில் செய்து பார்ப்பது என்று மூன்று கட்டம். தேர்வுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். பயத்துக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுங்கள். வீட்டு மேசையில் 45 நிமிடத்தில் 50 கேள்வி என்பது உங்களுக்கு 30 ஆக இருக்கலாம். அதையே ஓஎம்ஆர் என்ற வட்டம் நிரப்பும் விடைத்தாளில் கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பிச் செய்தால் 40. நூலகத்தில் 90 நிமிடம், 100 கேள்வி: 50. பயிற்சி மையத்தில் காலை 9.30 முதல் 12.30 வரை முழுத் தேர்வு: 65. தெரியாத ஊரில், விடியற்காலை பஸ் பிடித்துப் போய், போனை வெளியே வைத்துவிட்டு எழுதும் மாதிரித் தேர்வு: 80. ஒரு படியைத் தொடங்கும்போது இருந்த எண் பாதியாக இறங்கும் வரை அதே படியைத் திரும்பச் செய்யுங்கள். சிலருக்கு மூன்று தடவை போதும், சிலருக்கு எட்டு ஆகும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நாளாவது தேர்வு சம்பந்தமே இல்லாமல் இருக்கட்டும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்துபோவது முதலாவது. எழுந்ததும் நிம்மதி வரும், அந்த நிம்மதியே "எழுந்து போனதுதான் காப்பாற்றியது" என்று மூளைக்குப் பாடம் நடத்திவிடும். அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் மெதுவாக மூச்சை வெளியே விடலாம், ஆனால் நாற்காலியை விட்டு எழக்கூடாது. இரண்டாவது, 30-லிருந்து நேராக 80-க்குத் தாவுவது. "ஒரேயடியாகப் பார்த்துவிடலாம்" என்ற வீரம் பெரும்பாலும் வாந்தியிலும் பாதித் தேர்விலும்தான் முடிகிறது. மூன்றாவது நுட்பமானது: வாசல் வரை குறிப்பேட்டைப் புரட்டுவது, "பாஸாகிவிடுவேன்தானே" என்று நாலு பேரிடம் கேட்பது மாதிரியான ஊன்றுகோல்கள். அவை இருக்கும் வரை தேர்வு நன்றாகப் போனாலும் பெயர் அவற்றுக்குத்தான் போகும், உங்களுக்கு வரவு வராது. கடைசி இரண்டு படிகளில் அவற்றைக் கழற்றிவிடுங்கள்.

பதறும் நேரத்தில் சொல்லிக்கொள்ள நாலு வரியை முன்கூட்டியே உங்கள் பேச்சு வழக்கில் எழுதி வையுங்கள். தொடங்கும் முன் ஒன்று, கேள்வித்தாள் கைக்கு வந்ததும் ஒன்று, மூளை வெறிச்சோடும்போது ஒன்று, முடிந்த பிறகு ஒன்று. "பயப்படாதே" என்பது பயன்படாது. "நெஞ்சு அடிக்குது, அடிக்கட்டும். இந்தப் பக்கத்துல தெரிஞ்ச மூணு கேள்வியை மட்டும் எடு" என்பது பயன்படும், ஏனென்றால் அதில் கைக்கு வேலை இருக்கிறது. தேர்வன்று உள்ளே போகும் முன் 10 நிமிடம், மனதில் ஓடும் பயத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடுவதும் நல்லது. தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய மாணவர்களில் அதிகம் பதறுகிறவர்களின் மதிப்பெண் கூடியதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. எழுதியதைக் கிழித்துப் போடுவது மட்டும் என் யோசனை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுவயதிலிருந்தே தெளிவாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவை எளிமையானவை. தாயோ தாத்தாவோ ஆசிரியரோ, விட்டுக்கொடுக்காத ஒருவராவது இருந்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி, அவர்கள் செய்தால்தான் நடக்கும் என்ற பொறுப்பு ஒன்று இருந்தது. மீதி இரண்டு பங்கிலும் பலர் இருபது, முப்பது வயதுகளில் தேறி வந்தார்கள். ராணுவ வேலை, தொடர்ந்த படிப்பு, நல்ல துணை என்று ஒரு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தபோது அது நடந்தது. எனவே தேர்வுக்குப் படிக்கிறான் என்று வீட்டு வேலை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி, சாப்பாட்டைக் கையில் கொடுத்து, பிறகு "இவ்வளவு செய்தும்" என்று குத்திக்காட்டுவதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. ரேஷன் வாங்குவது, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஒரு மணி நேர டியூஷன் என்று ஒன்றையாவது அவர் பொறுப்பில் விடுங்கள். மதிப்பெண் கேட்கிற ஆளாக வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். பெரியப்பா மகனை உதாரணம் காட்டுவதை நிறுத்துங்கள்.

எத்தனை தடவை எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதையும் சொல்லியாக வேண்டும். எட்டாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றில் கால் வைக்க முடிந்தவர்கள் மனதளவில் மேலாக இருப்பதைக் கார்ஸ்டன் ரோஷ் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடாமுயற்சியைப் புகழும் நம் ஊரில் இதை உரக்கச் சொல்ல ஆளில்லை. அடுத்த தேர்வுக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும் நாளில், "இன்னும் இத்தனை தடவை, அல்லது இந்த வயது வரை" என்று ஒரு கோட்டைப் போட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே சம்பளம் வரும் ஒரு வேலையும் இருக்கட்டும். வாழ்க்கை மொத்தமும் ஒரே ஓஎம்ஆர் தாளில் தொங்கினால், மேலே சொன்ன பயத்தின் எண் என்ன செய்தாலும் இறங்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, சாவைப் பற்றிய எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, அது பயிற்சியால் சரிசெய்யும் கட்டம் அல்ல. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் "இதெல்லாம் உன்னை உருவாக்கும்" என்று யாரும் சொல்லக்கூடாது.

உறுதி கூடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்பீர்கள். பயம் இல்லாமல் போவதை அளவுகோலாக வைக்காதீர்கள், அது நடக்காது. "இந்தத் தோல்வி என்னை மாற்றிவிட்டது" என்ற உணர்வையும் நம்ப வேண்டாம். அப்படிச் சொன்னவர்களை, அடிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த 2009 ஆய்வு ஒன்றில், அவர்கள் உணர்ந்த வளர்ச்சிக்கும் உண்மையில் அளவிடப்பட்ட மாற்றத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். மாதிரித் தேர்வு மோசமாகப் போன தேதி ஒன்றில், அந்தத் தாளைப் பிரித்து ஐந்து காரணங்களைக் குறித்த தேதி மற்றொன்றில். இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறதென்றால், மூன்று மாதத்தில் அது இரண்டு நாளாகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் படி பெரிதாக இருக்கிறது. ஒரு படி கீழே இறங்கி, 50 கேள்வித் தாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.